வேலூரில் உட்கார்ந்து கிட்டார் பெடல் செய்ய: முதல் முறை செய்பவர்களுக்கு

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலால் மிதிக்கிற அந்தச் சின்னப் பெட்டியை வீட்டிலேயே செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் இணையத்தில் கிடைக்கிற பாடங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக எழுதியவை. அவர்கள் ஒரே கடையில், ஒரே ஆர்டரில் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறார்கள். காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ குடியாத்தத்திலோ இருந்துகொண்டு இதைத் தொடங்கினால் சர்க்யூட் ஒரே மாலையில் முடிந்துவிடும். சுவிட்சும் சாக்கெட்டும் பெட்டியும் அடாப்டரும்தான் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்ன மாதிரி இருக்கும். எனக்கு அப்படித்தான் இழுத்தது. உங்களுக்கு இழுக்க வேண்டாம்.

சர்ச் பாடகர் குழுவில் வாசிப்பவர்கள், கல்லூரி பேண்டுக்காரர்கள், திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள் யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசைப்படியே போங்கள். வரிசையை மாற்றினால் பணம் வீணாகும்.

1. முதல் பெடல் பூஸ்டராக இருக்கட்டும்

எல்லாருக்கும் முதலிலேயே எதிரொலி தரும் டிலே வேண்டும், ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போலக் காட்டும் கோரஸ் வேண்டும். வேண்டாம். ஒரே ஒரு டிரான்சிஸ்டர் உள்ள பூஸ்டரில் தொடங்குங்கள். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எல்பிபி-1 இந்த வகையில் பேர்போனது. நாம் செய்யப்போவதும் அதே குடும்பம்தான். கிட்டாரின் சிக்னலைப் பல மடங்கு பெருக்கும். சோலோ வாசிக்கும்போது ஒரு மிதி, சத்தம் முன்னால் வந்து நிற்கும். பிற்பாடு இரண்டு டயோடு சேர்த்தால் இதே பெட்டி, சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலாகிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பூஸ்டரில் பழுது வந்தால் தேடுவதற்கு மொத்தமே பத்துப் பதினைந்து புள்ளிகள்தான். டிலேயில் பழுது வந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

2. காகிதங்களை முதலில் சேருங்கள்

சாமான் வாங்குவதற்கு முன் மூன்று தாள்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சால்டரிங், அதாவது ஈயம் உருக்கி ஒட்டும் வேலை, நடுவில் இருக்கும்போது திரை அணைந்து உயிரை வாங்கும்.

ஒன்று, சர்க்யூட் படம். இரண்டு, வெரோ போர்டில் (சாமானை ஒட்டுவதற்கான துளைகளும் செம்புப் பட்டைகளும் உள்ள பலகை) எது எந்தத் துளையில் உட்கார வேண்டும் என்று காட்டும் அமைப்புப் படம். மூன்று, நீங்கள் பயன்படுத்தப்போகும் டிரான்சிஸ்டரின் தரவுத்தாள்; அதில் கால்களின் வரிசை உள்ள பக்கம் மட்டும் போதும். மூன்றாவது தாளை யாரும் எடுப்பதில்லை, பெரும்பாலான முதல் பெடல்கள் சரியாகப் பேசாமல் போவது அதனால்தான். வெளிநாட்டுப் படங்களில் 2என்3904 அல்லது 2என்5088 இருக்கும். நம் ஊர்க் கடையில் கேட்டதும் கிடைப்பது பிசி547. தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-இன் கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904, 2என்5088 இரண்டிலும் எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே தலைகீழ். படத்தில் காட்டியபடி பிசி547-ஐச் சொருகினால் சத்தம் அறவே வராமலும் இருக்காது, மெலிசாக முனகும். அதுதான் குழப்பம். திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

அமைப்புப் படத்தை எங்கிருந்து எடுத்தாலும், அதைப் பார்த்து வேறு யாராவது செய்து வேலை செய்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். யாரும் செய்து பார்க்காத படங்கள் நிறையச் சுற்றுகின்றன.

பில்களையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள். இணையத்தில் வாங்கிய சுவிட்ச் செத்து வந்தால் மாற்றித் தர பில்லும், பொட்டலம் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைப்பதாக இருந்தால் கூரியர்காரர் கேஒய்சி கேட்பார். ஆதார், பான் நகல்களைத் தயாராக வையுங்கள். சுங்க வரியும் கையாளும் கட்டணமும் சேர்ந்து கிட்டின் விலையை எங்கோ கொண்டுபோய்விடும். முதல் பெடலுக்கு அந்த வம்பே வேண்டாம்.

3. கருவிகள்

25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயக் கம்பி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஈயம் உறிஞ்சும் பம்ப், சின்ன கட்டர், சால்டர் செய்யாமல் சாமானைச் சொருகிப் பார்க்கும் ஒரு பிரட்போர்டு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அயர்னில் கஞ்சத்தனம் வேண்டாம்; பெயர் தெரியாத நூறு ரூபாய் அயர்னின் முனை சீக்கிரம் கறுத்துப்போய் ஈயத்தைப் பிடிக்காது. மல்டிமீட்டர் மலிவானதே போதும், ஆனால் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து சால்டர் செய்யாதீர்கள். மே மாதத்து வேலூரில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனால் காற்று பட்டால் முனை ஆறும், ஈயம் சரியாக உருகாது. ஜன்னலைத் திறந்து வைத்து விடியற்காலையில் செய்தால் புகையும் வெளியே போகும், நீங்களும் பிழைப்பீர்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

4. சாமான் வாங்குவது

இங்கேதான் நேரம் போகும். மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஊரிலேயே வாங்க வேண்டியவை: ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், டயோடு, எல்ஈடி, வெரோ போர்டு, ஒயர், 9 வோல்ட் பேட்டரி, பேட்டரி கிளிப். டிவி மெக்கானிக்குகளுக்கு உதிரி விற்கும் கடைகள், ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்யும் கடைகள், இன்ஜினியரிங் மாணவர்கள் புராஜெக்ட் சாமான் வாங்கும் கடைகள் மூன்றிலும் கேளுங்கள். கடையில் கேட்கும்போது அவர்கள் சொல்லும் பெயரில் கேட்டால் வேலை சீக்கிரம் ஆகும். கெப்பாசிட்டரைக் கண்டன்சர் என்பார்கள். பொட்டன்சியோமீட்டர் என்றால் முழிப்பார்கள். வால்யூம் கண்ட்ரோல் என்றால் எடுத்துப் போடுவார்கள். கிட்டார் ஒயர் சொருகும் 6.35 மில்லிமீட்டர் சாக்கெட்டை மைக் சாக்கெட் என்றோ பி-38 என்றோ கேளுங்கள். எதையும் ஒன்று மட்டும் வாங்காதீர்கள். ரெசிஸ்டர் ஒன்று ஒரு ரூபாய்தான், பத்துப் பத்தாக வாங்குங்கள். டிரான்சிஸ்டர் குறைந்தது ஐந்து இருக்கட்டும். இந்தப் பகுதி பெரிதாகச் செலவு வைக்காது.

ஊரில் கிடைக்க மெனக்கெட வேண்டியவை: 3பிடிடி எனப்படும் ஒன்பது கால் மிதி சுவிட்ச், அலுமினிய வார்ப்புப் பெட்டி, அடாப்டர் முள்ளைச் சொருகும் பிளாஸ்டிக் உடம்புள்ள டிசி சாக்கெட். இவற்றுக்காக ஊரில் வெயிலில் அலைய வேண்டாம். இணையத்தில் ஆர்டர் போட்டால் சில நாளில் வந்துவிடும். சுவிட்ச் 100 முதல் 200 ரூபாய் வரை, பெட்டி 350 முதல் 600 ரூபாய் வரை போகும். பெட்டிக்கு 1590பி என்ற அளவைத் தேடுங்கள்: ஏறக்குறைய 112 மில்லிமீட்டர் நீளம், 60 அகலம், 31 உயரம். அதைவிடச் சின்னப் பெட்டி பார்க்க அழகாக இருக்கும், ஒயரை உள்ளே திணிக்கும்போது அழகு போய்விடும்.

வால்யூம் கண்ட்ரோலை இணையத்தில் வாங்கினால் எழுத்தைக் கவனியுங்கள். ஏ100கே என்பது லாக் (காதுக்குச் சத்தம் சீராக ஏறும்), பி100கே என்பது லீனியர் (ரெசிஸ்டன்ஸ் மட்டும் சீராக ஏறும்). பூஸ்டருக்கு ஏ வேண்டும். ஏ கேட்டு பி வருவது சர்வ சாதாரணம். ஒரு இணையக் கடை எனக்கு இதையே மறுபடியும் செய்துவிட்டு, இரண்டும் ஒன்றுதான் என்று பதில் வேறு எழுதியது. ஒன்றல்ல. லீனியரில் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறிவிடும், மீதித் திருப்பலில் மாற்றமே தெரியாது.

மூன்றாவது வழி, எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்தைச் சுற்றித்தான் ஆகும்; காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அன்றைக்குப் போகாதீர்கள். ஒரே ஒரு பெடலுக்காக ரயில் ஏறுவது கட்டுப்படியாகாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பட்டியல் போட்டு ஒருவர் போனால் சரி. பெங்களூரு பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு அங்கே இதே மாதிரி எஸ்பி ரோடு இருக்கிறது.

5. பிரட்போர்டில் ஒத்திகை

சாமான் வந்ததும் அயர்னைச் சூடாக்காதீர்கள். முதலில் பிரட்போர்டில் கட்டிப் பாருங்கள். இணைப்புகள் இவ்வளவுதான்:

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 10கே, அதாவது பத்தாயிரம் ஓம், ரெசிஸ்டர் வழியாகக் கலெக்டருக்கு. அதே பாசிட்டிவிலிருந்து 470கே வழியாகப் பேஸுக்கு. பேஸிலிருந்து 47கே வழியாக நெகட்டிவுக்கு. எமிட்டரிலிருந்து 390 ஓம் வழியாக நெகட்டிவுக்கு. கிட்டார் சிக்னல் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகப் பேஸுக்குள் நுழையும். கலெக்டரிலிருந்து இன்னொரு 0.1 கெப்பாசிட்டர் வழியாக வால்யூம் கண்ட்ரோலின் ஒரு ஓரக் காலுக்கு வரும். மறு ஓரக் கால் நெகட்டிவுக்கு. நடுக் கால்தான் வெளியீடு. குமிழை வலப்பக்கம் திருப்பினால் சத்தம் குறைகிறது என்றால் ஓரக் கால்கள் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். கிட்டார் உள்ளே வரும் இடத்திலிருந்து நெகட்டிவுக்கு ஒரு 1 மெக் (பத்து லட்சம் ஓம்) ரெசிஸ்டர். மிதிக்கும்போது டப்பென்று சத்தம் வராமல் இருக்க இது. பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 16 வோல்ட் அல்லது அதற்கு மேல்.

வெளிநாட்டுப் படங்களில் 430கே, 43கே என்று இருக்கும். அந்த மதிப்புகளைத் தேடி அலைய வேண்டாம். 470கே, 47கே இரண்டுக்கும் அதே விகிதம்தான், பேஸுக்குப் போகும் வோல்டேஜ் மாறாது.

நிறக்கோடுகளை நம்புவதைவிட ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிட்டுச் சொருகுவது நல்லது. 390 ஓமுக்கு ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு. 3.9கே-வுக்கு ஆரஞ்சு, வெள்ளை, சிவப்பு. டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்று போலவே தெரியும். அதிலும் நீல நிற உடம்புள்ள ரெசிஸ்டர்களில் ஐந்து கோடு இருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதே சந்தேகமாகிவிடும். கெப்பாசிட்டரில் 104 என்று இருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 103 என்றால் 0.01.

6. வோல்டேஜ் பார்ப்பது

இந்த ஒரு வேலையைச் செய்பவர்களுக்குப் பாதித் தொல்லை குறையும். கிட்டார்கூட வேண்டாம். பேட்டரியை மாட்டி, மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களையும் தொடுங்கள். புதிய 9 வோல்ட் பேட்டரியில் பேஸ் 0.7 முதல் 0.8 வோல்ட், எமிட்டர் 0.1 முதல் 0.2 வோல்ட், கலெக்டர் 4 முதல் 5.5 வோல்ட் காட்டினால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கலெக்டரில் 9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் டிரான்சிஸ்டர் வேலையே செய்யவில்லை: கால்கள் மாறியிருக்கலாம், அல்லது 470கே சரியாக உட்காரவில்லை, அல்லது 390-க்குப் பதில் 3.9கே போட்டிருக்கிறீர்கள். மாறாக ஒரு வோல்ட்டுக்கும் கீழே படுத்துவிட்டால் 47கே நெகட்டிவைத் தொடவில்லை, அல்லது 390 இருக்க வேண்டிய இடத்தில் 39 ஓம் இருக்கிறது. எல்லாப் புள்ளியிலும் பூஜ்யம் என்றால் முதலில் பேட்டரி கிளிப்பைப் பாருங்கள். மலிவு கிளிப்புகளில் சிவப்பு ஒயர் ரப்பருக்குள்ளேயே அறுந்து கிடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். சால்டர் செய்த பிறகு மறுபடி அளந்து ஒப்பிட வேண்டும்.

7. வெரோ போர்டில் சால்டர் செய்வது

வெரோ போர்டின் அடியில் செம்புப் பட்டைகள் நீளவாக்கில் ஓடும். எந்த இடத்தில் பட்டையை வெட்ட வேண்டும் என்று படத்தில் குறித்திருக்கும். வெட்டுகளை முதலில் முடித்துவிடுங்கள். 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டைக் கையால் பிடித்துத் துளையில் வைத்துத் திருகினால் போதும். வெட்டிய பிறகு இரு பக்கத்திலும் மீட்டரை வைத்துப் பீப் அடிக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத செம்பு மயிரிழை ஒன்று மிச்சமிருந்தால் போதும், எல்லாம் வீண்.

குட்டையானவற்றிலிருந்து உயரமானவற்றுக்குப் போங்கள்: முதலில் ஜம்பர் ஒயர்கள், பிறகு ரெசிஸ்டர், பிறகு கெப்பாசிட்டர், கடைசியில் டிரான்சிஸ்டர். அயர்ன் முனையால் செம்பையும் காலையும் ஒரே நேரத்தில் தொட்டு, ஒரு நொடி விட்டு, மறு பக்கத்திலிருந்து ஈயத்தைக் காட்டுங்கள். ஈயம் தானாக ஓடி இரண்டையும் பற்றி, ஓரங்கள் சரிவாகப் படிந்து பளபளவென்று நிற்க வேண்டும். உருண்டையாக, காலைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையத்தோடு நின்றால் அது ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சூடாக்குங்கள். ஈயத்தை முனையில் எடுத்துக்கொண்டு போய் அப்புவது பல டிவி மெக்கானிக்குகளின் பழக்கம். அவர்கள் கைக்கு அது ஓடும், புதுக் கைக்கு ஓடாது.

8. பெட்டியில் துளை

அலுமினியம் மென்மையானது. வீட்டு டிரில்லிலேயே போடலாம், ஆனால் பெட்டியைப் பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும். டிரில் இல்லையென்றால் பக்கத்தில் உள்ள லேத் பட்டறைக்குப் போங்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் பெட்டியின் மேல் காகிதம் ஒட்டி, துளைகளின் நடுப்புள்ளியும் அளவும் பேனாவில் எழுதி எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் அவர்கள் கைக்கு வந்த இடத்தில் போடுவார்கள், குற்றம் நம்முடையதுதான்.

மிதி சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர், வால்யூம் கண்ட்ரோலுக்கு 7, மைக் சாக்கெட்டுக்கு 10, எல்ஈடிக்கு 5; உலோக வளையம் வைத்த எல்ஈடி என்றால் 8. டிசி சாக்கெட் பெரும்பாலும் 12. இருந்தாலும் கையில் இருக்கும் சாமானை அளந்துவிட்டே போடுங்கள். சாக்கெட்டுகளை நேருக்கு நேர் வைத்தால் உள்ளே அவற்றின் தகடுகள் முட்டிக்கொள்ளும். முதலில் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் புள்ளி குறியுங்கள்.

பிளாஸ்டிக் டப்பாவில் செய்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். சத்தம் வரும், கூடவே வீட்டு ஒயரிங்கின் இரைச்சலும் வரும். உலோகப் பெட்டிதான் அந்த இரைச்சலைத் தடுக்கிறது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தடுக்கும், ஆனால் அதில் துளை போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

9. சுவிட்சும் சாக்கெட்டும்

ஒன்பது கால்களையும் மூன்று வரிசையாக 1 முதல் 9 வரை எண்ணிட்டுக்கொள்ளுங்கள்: மேல் வரிசை 1, 2, 3, நடு 4, 5, 6, கீழ் 7, 8, 9. சுவிட்சைச் சரியான பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறீர்களா என்பதை மீட்டர் சொல்லும்: 4 ஒரு மிதிக்கு 1-ஐயும், அடுத்த மிதிக்கு 7-ஐயும் தொட்டுப் பீப் அடிக்க வேண்டும். 5-ஐத் தொட்டால் 90 டிகிரி திருப்புங்கள்.

கிட்டார் வரும் சாக்கெட்டின் நுனிக் கால் (சொருகும் ஒயரின் நுனியைத் தொடுகிற கால்) 4-க்கு. சர்க்யூட்டின் நுழைவு 7-க்கு. சர்க்யூட்டின் வெளியீடு, அதாவது வால்யூம் கண்ட்ரோலின் நடுக் கால், 9-க்கு. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சாக்கெட்டின் நுனிக் கால் 6-க்கு. 1-க்கும் 3-க்கும் நடுவே ஒரு துண்டு ஒயர். 5 நெகட்டிவுக்கு. 8 எல்ஈடியின் குட்டைக் காலுக்கு; எல்ஈடியின் நீளக் கால் 4.7கே ரெசிஸ்டர் வழியாகப் பாசிட்டிவுக்கு. 2 சும்மா இருக்கும். இரண்டு மைக் சாக்கெட்டின் உடம்புக் கால்களும் நெகட்டிவுக்கு.

இந்த சுவிட்சின் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது. ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைத்தால் உள்ளே இளகி, தகடு சாய்ந்துவிடும். வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும், மிதித்தால் ஒரு முறை வரும், மறுமுறை வராது. ஒரு காலை முடித்ததும் எதிர் மூலைக் காலுக்குப் போங்கள், முதல் கால் ஆறட்டும்.

கிட்டார் நுழையும் பக்கம் ஸ்டீரியோ சாக்கெட் போடுவது ஒரு பழைய தந்திரம். பேட்டரியின் நெகட்டிவை அதன் நடு வளையக் காலில் இணைத்தால், ஒயரைச் சொருகும்போது மட்டும் பெடலுக்கு உயிர் வரும். ஒயரைக் கழற்றாமல் தூங்கப்போனால் காலையில் பேட்டரி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

டிசி சாக்கெட் விஷயத்தில் தூங்கிவிடாதீர்கள். கிட்டார் பெடல் உலகில் நடு ஊசி நெகட்டிவ், வெளிப்புறம் பாசிட்டிவ். உலோக உடம்புள்ள டிசி சாக்கெட்டை அலுமினியப் பெட்டியில் மாட்டினால், நெகட்டிவாக இருக்கும் பெட்டியில் பாசிட்டிவ் நேராகத் தொட்டு அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். பிளாஸ்டிக் உடம்பு கேட்டது அதற்குத்தான்.

10. சத்தமே வரவில்லை என்றால்

முதலில் 6-ஆவது படியில் எழுதிய வோல்டேஜ்களை மறுபடி அளங்கள். அவை சரியாக இருந்தால் பழுது சர்க்யூட்டில் இல்லை, ஒயரில் இருக்கிறது. பழைய கிட்டார் ஒயர் ஒன்றின் ஒரு முனையை வெட்டி, உள் கம்பியில் ஒரு 0.1 கெப்பாசிட்டரைச் சால்டர் செய்யுங்கள். வெளி வலையைப் பெடலின் நெகட்டிவில் கிளிப் போடுங்கள். மறு முனை ஆம்ப்ளிஃபயரில். இப்போது கெப்பாசிட்டரின் மற்றக் காலே உங்கள் காது. யாரையாவது கிட்டாரை மீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, நுழைவுச் சாக்கெட்டிலிருந்து வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். பேஸில் சின்னதாகக் கேட்கும், கலெக்டரில் பெரிதாகக் கேட்கும். எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அதற்கு முந்தின இணைப்புதான் குற்றவாளி. ஆம்ப்ளிஃபயர் சத்தத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பெடலின் 9 வோல்ட் ஒன்றும் செய்யாது, அங்கே இருப்பது 230-உம் அதற்கு மேலும்.

11. இரைச்சல், அடாப்டர், இன்வெர்ட்டர்

முதல் சோதனை எப்போதும் பேட்டரியில் நடக்கட்டும். பேட்டரியில் சுத்தமாகவும் அடாப்டரில் இரைச்சலாகவும் இருந்தால் பெடலைக் குறை சொல்லாதீர்கள்.

பக்கத்துக் கடையில் கிடைக்கிற அடாப்டர்கள் பெரும்பாலும் சிசிடிவிக்கும் வைஃபை பெட்டிக்கும் ஆனவை: 12 வோல்ட், நடு ஊசி பாசிட்டிவ். முள் அதே அளவில் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. அடாப்டரின் மேல் உள்ள சின்ன வட்டப் படத்தில் நடுப்புள்ளிக்கு நெகட்டிவ் குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மீட்டரிலும் பாருங்கள். பாதுகாப்புக்காக டிசி சாக்கெட்டின் பாசிட்டிவிலிருந்து போர்டுக்குப் போகும் வழியில் 1என்5817 டயோடு ஒன்றைக் கோடு போர்டின் பக்கம் இருக்கும்படி சேர்த்துவிட்டால், தலைகீழாகச் சொருகினாலும் ஒன்றும் கருகாது. இரண்டு ரூபாய் 1என்4007-உம் ஆகும், வோல்டேஜ் அரை வோல்ட்டுக்கு மேல் குறையும். இந்தப் பூஸ்டருக்கும் எல்ஈடிக்கும் சேர்த்து 3 மில்லிஆம்ப்கூட வேண்டாம், ஆகவே எந்த 9 வோல்ட் பெடல் அடாப்டரும் தாங்கும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரில் ஒரு முரட்டு இரைச்சல் ஏறும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அப்படித்தான். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டாரில் இன்னும் மோசம். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை நடு வேகத்தில் வைத்தாலும் இதே கதை. முழு வேகத்தில் வைத்தால் குறையும். திருவிழா மேடையில் சீரியல் விளக்கும் சவுண்டும் ஒரே ஜெனரேட்டர் லைனில் ஓடும்போது எந்தப் பெடலும் அழத்தான் செய்யும்; அங்கே பேட்டரி போட்டுக்கொண்டு, சவுண்டுக்கு வேறு லைன் கேளுங்கள்.

இரைச்சலைக் குறைக்க ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டச் சொல்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

12. மாற்றிப் பார்ப்பது

பெடல் ஓடத் தொடங்கியதும் கை அரிக்கும். மாற்ற நினைக்கும் இடங்களில் வட்டத் துளை ஐசி சாக்கெட்டிலிருந்து வெட்டிய ஓரிரு துளைகளைச் சால்டர் செய்து வைத்தால், சாமானைச் சொருகிச் சொருகி மாற்றலாம்.

நுழைவுக் கெப்பாசிட்டர் 0.1 இருக்கும்போது கீழ்ச் சுரங்கள் எல்லாம் உள்ளே வரும். கிட்டாரின் தடித்த இ கம்பி 82 ஹெர்ட்ஸ். இந்த சர்க்யூட் ஏறக்குறைய 55 ஹெர்ட்ஸ் வரை விடும். அதை 0.01 ஆக்கினால் எல்லை 550 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறி, பெடல் டிரெபிள் பூஸ்டராகிவிடும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து மொத்தும் சின்ன அறையில் இது நன்றாகத் துளைத்துக்கொண்டு வரும். நடுவில் 0.022, 0.047 போட்டுக் கேளுங்கள்.

டிஸ்டார்ஷன் வேண்டுமென்றால் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் வால்யூம் கண்ட்ரோலைத் தொடும் காலிலிருந்து நெகட்டிவுக்கு இரண்டு 1என்4148 டயோடுகளை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பக்கம் பக்கமாக வையுங்கள். சிக்னல் 0.6 வோல்ட்டைத் தாண்டும்போதெல்லாம் தலை வெட்டுப்படும். சிவப்பு எல்ஈடி இரண்டைப் போட்டால் 1.7 வோல்ட்டுக்கு மேல்தான் வெட்டும். சத்தம் பெரிதாகவும் கரகரப்பு குறைவாகவும் இருக்கும். எனக்கு ஒரு பக்கம் 1என்4148, மறு பக்கம் எல்ஈடி என்று கலந்து போட்டதுதான் பிடித்தது. நடுவில் ஒரு சின்ன டாகிள் சுவிட்ச் வைத்தால் பூஸ்டர், டிஸ்டார்ஷன் இரண்டும் ஒரே பெட்டியில்.

கடையில் வாங்கிய பெடலை மாற்றுவதாக இருந்தால் திறந்ததும் நாலு கோணத்தில் படம் எடுங்கள். திறந்த பெடலுக்கு வாரண்டி கேட்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (மென்மையான டிஸ்டார்ஷன்) பெடல்களில் கீழ்ச் சுரங்கள் குறைவாக இருக்கின்றன என்று குறைப்படுபவர்கள் அதிகம். அதில் 4.7கே ரெசிஸ்டரோடு தொடராக இருக்கும் 0.047 கெப்பாசிட்டரை 0.1 ஆக மாற்றினால், ஓவர்டிரைவ் முழு வேகத்தில் தொடங்கும் இடம் 720 ஹெர்ட்ஸிலிருந்து 340 பக்கம் இறங்கும், தடித்த கம்பிகள் சதை பிடிக்கும். மினி பெடல்களில் சாமான் எல்லாம் அரிசிக் குருணை அளவில் இருக்கும், 25 வாட் அயர்னோடு அங்கே போகாதீர்கள்.

அடுத்ததாக ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல், அதாவது இன்னும் முரட்டுக் கரகரப்பு தரும் பெடல், செய்ய எல்லாருக்கும் ஆசை வரும். ஜெர்மானியத்தில் கசியும் மின்னோட்டம் சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெளிநாட்டில் 20 டிகிரி அறையில் சரிபார்த்த மதிப்புகளோடு, அக்னி நட்சத்திரத்தில் 40-ஐத் தாண்டுகிற நம் ஊர் மேடையில் வாசித்தால், முதல் பாட்டிலேயே சத்தம் துண்டு துண்டாக விழும். சிலிக்கானிலேயே செய்யுங்கள், பிசி108 அல்லது பிசி547 போதும். ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால் கலெக்டர் ரெசிஸ்டருக்குப் பதில், திருகி மதிப்பை மாற்றக்கூடிய ஒரு டிரிம்மர் வைத்து, மே மாத மதியத்தில் ஒரு முறையும் மார்கழிக் காலையில் ஒரு முறையும் கலெக்டர் வோல்டேஜைச் சரிசெய்துகொள்ளுங்கள்.